"இல்லை" எண்டு சொல்லலாமா?

தருமம் கொடுப்பதைப் பற்றி எங்களிடம் நிறையப் பேச்சு இருக்கு. கேட்பதைப் பற்றித்தான் பேச்சு குறைவு. யார் கேட்கிறார், எங்கே வைத்துக் கேட்கிறார், மறுத்தால் என்ன நடக்கும்? இந்த மூன்றும் நாட்டுக்கு நாடு வேறு. வரலாற்றை வாசித்துப் பார்த்ததில் எங்களுக்குப் பட்டது இதுதான்: கொடுக்கிற மனசு எல்லா ஊரிலும் இருக்கு. "இல்லை" எண்டு சொல்லுகிற உரிமைதான் எல்லா ஊரிலும் ஒரே அளவில் இல்லை.

அமெரிக்காவில் கேட்பவர் பெரும்பாலும் முதலாளி. 1913இல் கிளீவ்லண்ட் நகர வர்த்தகர்கள் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு தரும அமைப்பும் தனித்தனியாகக் கதவைத் தட்டாமல், வருஷத்துக்கு ஒரே ஒரு சேகரிப்பு, பிறகு பங்கீடு. இன்றைய யுனைடெட் வே அந்த வழியில் வந்ததுதான். 1943இலிருந்து வருமான வரியைச் சம்பளத்திலேயே கழிக்கிற முறை வந்தது. நன்கொடையும் அதே பாதையில் போகப் பழகிவிட்டது. வசதிதான். ஆனால் படிவத்தை நீட்டுகிறவரே உங்கள் பதவி உயர்வையும் தீர்மானிக்கிறவர் என்றால், அதைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுப்பது லேசான காரியமா?

இன்னொரு சிக்கலும் உண்டு. பட்டியலில் யார் இருக்கலாம்? அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களிடம் நிதி சேர்ப்பதை 1961இல் ஜனாதிபதி கென்னடியின் ஆணை ஒழுங்குபடுத்தியது. பிற்பாடு, சிவில் உரிமை வழக்குகளை நடத்துகிற அமைப்புகளை அந்தப் பட்டியலிலிருந்து விலக்கினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அப்படி விலக்குவது தன்னளவில் பேச்சுரிமை மீறல் ஆகாது என்று 1985இல் தீர்ப்பு வந்தது. ஆக, பசித்தவருக்குச் சோறு போடுவது தருமம். அவருக்காக வழக்காடுவது தருமமா என்பதை அரசே முடிவு செய்யலாம்.

பிரித்தானியா இதைக் கொஞ்சம் வேறு மாதிரிச் செய்தது. அங்கே 1987 ஏப்ரலில் சம்பளத்தில் கழிக்கிற நன்கொடைத் திட்டம் தொடங்கியது. வரி கணக்கிடுவதற்கு முன்பே காசு கழிபடும். எந்த அமைப்புக்கு என்பதை ஊழியரே சொல்லலாம். நடுவில் நிற்கிற ஒரு முகவர் நிறுவனம் அதைச் சேர்ப்பிக்கும். ஆரம்பத்தில் வருஷத்துக்கு 120 பவுண் என்ற உச்சவரம்பு இருந்தது. 2000இல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அமெரிக்காவைப் போல அது அங்கே வேர்பிடிக்கவில்லை. தெருவில் குலுக்குகிற உண்டியலும் பழைய உடுப்பு விற்கிற தருமக் கடையும்தான் அந்த மக்களுக்குப் பழக்கம்.

ஜப்பானில் கேட்பவர் பக்கத்து வீட்டுக்காரர். போர் முடிந்து 1947இல் அங்கே சமூக நிதிச் சேகரிப்பு தொடங்கியது. கொடுத்தவர் சட்டையில் சிவப்பு இறகு குத்திக்கொள்வார். அயல் சங்கங்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்க்கும். ஷிகா மாநிலத்தில் ஒரு சங்கம் அந்த நன்கொடையைச் சந்தாவோடு சேர்த்தே அறவிட முடிவு செய்தது. சிலர் வழக்குப் போட்டார்கள். கொடுப்பதும் விடுவதும் அவரவர் மனசு, அதைச் சந்தாவாக்க முடியாது என்று ஒசாகா உயர் நீதிமன்றம் 2007இல் சொன்னது. அடுத்த வருஷம் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை.

எங்கட நாட்டுக்கு வருவோம். 2020 மே மாதம், கொரோனாக் காலத்தில், ஜனாதிபதியின் செயலாளர் அரச ஊழியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த மாதச் சம்பளத்தை முழுசாகவோ ஒரு பகுதியாகவோ விட்டுத்தரும்படி கேட்டார். வேண்டுகோள்தான், கட்டளை இல்லை. ஆனால் மேலேயிருந்து வருகிற வேண்டுகோளைக் கீழே இருக்கிறவர் எப்படி வாசிப்பார் என்பது கந்தோரில் வேலை செய்த எல்லாருக்கும் தெரியும்.

இதே தீவில் மறுத்துக் காட்டியவர்களும் இருந்தார்கள். காலனிக் காலத்தில் ஒவ்வொரு நவம்பர் 11இலும் இங்கே பொப்பிப் பூ விற்பார்கள். சேர்ந்த காசில் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குப் போனது; இங்கத்தைய முன்னாள் படையினருக்குக் கிடைத்தது சொற்பம். அதனால் 1931இல் ஏலியன் பெரேரா அதே நாளில் சூரியமல் விற்கத் தொடங்கினார். சூரியமல் என்பது வேறொன்றுமில்லை, எங்கட பூவரசம்பூ. 1933இல் தென் கொழும்பு வாலிபர் சங்கம் அதைக் கையில் எடுத்தது. இங்கிலாந்தில் பிறந்த டொரின் யங் இயக்கத்தின் தலைவியானார். ஏகாதிபத்தியத்துக்குக் காசு கொடுக்க மாட்டோம் என்பது அந்தப் பூவுக்குள் இருந்த சேதி. 1934–35 மலேரியாக் காலத்தில் அதே இளைஞர்கள் கிராமங்களுக்குப் போய் நிவாரண வேலை செய்தார்கள்.

கவனியுங்கள், அவர்கள் கொடுக்க மறுக்கவில்லை. யாருக்கு, யார் கேட்டு என்பதைத்தான் மாற்றினார்கள். சூரியமல் வாங்கியவர்கள் பெரும்பாலும் ஏழைகள். சேர்ந்த தொகையும் பெரிசில்லை. ஆனால் அதில் ஒரு சதத்தையும் யாருடைய சம்பளத்திலிருந்தும் வெட்டி எடுக்கவில்லை.