மூன்று முறை பங்கிட்ட மன்னன்

திபெத் என்றதும் நமக்குத் தலாய் லாமாதான் நினைவுக்கு வருகிறார். தலாய் லாமாக்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அங்கே ஒரு பேரரசு இருந்தது. 763இல் அதன் படை சீனத் தலைநகர் சாங்ஆனையே சில நாட்கள் பிடித்து வைத்திருந்தது. அப்போதைய மன்னர் திரிசோங் தெட்சென். சம்யே என்னும் முதல் பௌத்த மடத்தை நிறுவியவரும் அவரே. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் மகன் முனே சென்போ அரியணை ஏறினார்.

பிற்காலத் திபெத்திய நூல்கள் அவரைப் பற்றிச் சொல்வது இது. சம்யே மடத்துக்கு மக்கள் காணிக்கை கொண்டுவந்தார்கள். சிலர் பொன்னும் வெள்ளியும் வைத்தார்கள். சிலரிடம் பழந்துணியைத் தவிர ஒன்றுமில்லை. என் குடிகளுக்குள் ஏன் இந்த வேறுபாடு என்று மன்னர் கேட்டார். செல்வத்தைச் சமமாகப் பங்கிட ஆணையிட்டார். சிறிது காலத்தில் பழைய நிலையே திரும்பியது. மூன்று முறை பங்கிட்டார். மூன்று முறையும் அப்படியே ஆனது. காரணம் முற்பிறவி வினை என்று குரு பத்மசம்பவர் விளக்கினாராம்.

தோழர்களே, இந்தப் பதிலை யார் எழுதி வைத்தார்கள் என்று பார்ப்போம். பல நூற்றாண்டுகள் கழித்து, பெரும்பாலும் துறவிகள். அவர்களுடைய மடங்களோ குடியானவர்களின் உழைப்பில் வாழ்ந்தவை. திரிசோங் தெட்சென் காலத்திலேயே மடத்தைப் பராமரிக்கக் குடும்பங்கள் ஒதுக்கப்பட்டன. பொருள் பங்கிடப்பட்டதாகச் சொல்லும் கதை, பிரபுக்களின் பதவியோ குடிகள் மீதான பிடியோ பறிக்கப்பட்டதாகச் சொல்லவில்லை. பிடுங்கும் கை அப்படியே இருந்தால், கொடுத்தது எத்தனை நாள் ஏழையிடம் தங்கும்? நம் வாசிப்பில் மன்னரின் தோல்விக்குக் காரணம் அதுதான். வினை அல்ல.

முனே சென்போ இரண்டு ஆண்டுகள்கூட ஆளவில்லை. செபோங் என்னும் பிரபுக் குலத்தில் பிறந்த அவருடைய தாயே நஞ்சு வைத்துக் கொன்றார் என்கின்றன நூல்கள். தந்தையின் இளைய அரசியை மகன் மணந்ததால் எழுந்த பொறாமை என்று அதற்குக் காரணமும் சொல்கின்றன.

“போன ஜென்மத்துப் பாவம்” என்ற பேச்சு நம் சேரிகளுக்குப் புதிதல்ல. 1957இல் வெளியான ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் அம்பேத்கர் முற்பிறவி வினைக் கொள்கையை ஏற்க மறுத்தார். ஏழைகளின் நிலைக்கான பொறுப்பிலிருந்து அரசும் சமூகமும் தப்பிக்கவே அது உதவும் என்றார். திபெத்தின் இந்தக் கதையை நாம் அந்த வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும். ஏன் இந்த வேறுபாடு என்ற மன்னரின் கேள்வி சரியானது. அவருக்குக் கிடைத்த பதில்தான் பொய்.