‘ங்க’ வந்த வழி

கோவை காந்திபுரத்தில் ஒரு டீக்கடை ஓரம் நின்றுகொண்டிருந்தேன். “நேத்து தொண்டாமுத்தூர்ப் பக்கம் நல்ல மழைங்க” என்றார் பக்கத்தில் நின்றவர். “சிறுவாணி நெறஞ்சிருக்குங்களா?” என்றேன். “இன்னும் இல்லீங்க.” மூன்று வாக்கியம், மூன்று ‘ங்க’.

இதில் மரியாதை யாருக்கு? மழைக்கும் இல்லை, அணைக்கும் இல்லை. பேச்சில் பெயரே வராத ஓர் ஆளுக்கு, கேட்டுக்கொண்டு நிற்பவருக்கு. கொங்குத் தமிழில் ‘ங்க’ எந்தச் சொல்லின் வாலிலும் ஒட்டும். “எந்த ஊருங்க?” “அவினாசிங்க.” “எப்பப் பொறப்பாடு?” “நாளைக்குங்க.” இதோடு ‘அண்ணா’ சேர்ந்து நெருக்கினால் ‘சொல்லுங்ணா’, ‘ஏனுங்ணா’. சத்யராஜ், மணிவண்ணன், கோவை சரளா வாயால் தமிழ்நாடு முழுக்கக் கேட்டுச் சிரித்த பேச்சு இது. 1995-இல் வந்த ‘சதிலீலாவதி’யில் கமல்ஹாசன்கூட இதைப் பேசித்தான் கைதட்டல் வாங்கினார்.

இந்தச் சின்ன ஒட்டின் பூர்வீகம் ‘கள்’. மரத்தில் இறக்குகிற கள் இல்லை. மரங்கள், மாடுகள் என்பதில் வருகிற பன்மை விகுதி. தொல்காப்பியத்தில் அது அஃறிணைக்கு மட்டும் உரியது. மனிதர்களைப் பலராகச் சொல்ல ‘அர்’, ‘ஆர்’, ‘மார்’ என்று வேறு விகுதிகள் இருந்தன. திருக்குறளில் ‘கள்’ ஓரிரு இடங்களில் மனிதர்மேல் ஏறிவிட்டது. பிறகு இறங்கவே இல்லை. மாட்டுக்கும் கல்லுக்கும் ஒட்டிக்கொண்டிருந்த விகுதிதான் இன்றைக்கு நம் ஊர்ப் பணிவின் அடையாளம் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். கட்டுத்தறியில் கன்றுகளைக் காட்டி “அதுங்க பசியா இருக்குது” என்கிறோமே, அங்கே அது இன்னும் பழைய வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஒருவரைப் பலராக்கிச் சொல்வது மரியாதை என்கிற எண்ணமும் பழையதுதான். தொல்காப்பியர் அதைக் கவனித்திருக்கிறார்: உலக வழக்கில் உயர்த்திச் சொல்லும் சொல், ஆனால் இலக்கண நெறி அல்ல என்கிறார். ஆக, கணக்குப்படி அது பிழை; பழக்கத்தால் நின்ற பிழை. விசயமங்கலத்துச் சமணக் கோயிலோடு கொங்கு மக்கள் சேர்த்துப் பேசுகிற பவணந்தி முனிவர், 13-ஆம் நூற்றாண்டில் நன்னூலில் இன்னும் தாராளம் காட்டுகிறார். மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மாறினால் அது இயல்பே என்று விட்டுவிடுகிறார். ஒருவரைப் பலராக்கி உயர்த்துவதற்கும், மனிதனை ‘அது’ என்று தாழ்த்துவதற்கும் ஒரே சூத்திரத்தில் அனுமதி. மனிதரை நன்றாகத் தெரிந்த இலக்கணக்காரர்.

மரியாதைச் சொல்லுக்குத் தேய்மானம் உண்டு. ‘நீ’ போதாமல் பன்மையான ‘நீர்’ வந்தது. அதுவும் பழகிப்போய் ‘நீங்கள்’ வந்தது. யாழ்ப்பாணத்தில் மூன்றும் மூன்று படிகளாக இன்றும் உண்டு. நெல்லையில் ‘நீரு’ கேட்கிறது. கோவையில் நடுப்படி இல்லை. ஒன்று ‘நீ’, இல்லாவிட்டால் ‘நீங்க’. இந்த இடைவெளிதான் வம்பு.

எங்கள் அப்புச்சி பண்பான மனுசர். வந்தவர் யாராக இருந்தாலும் திண்ணையில் உட்கார வைத்து, சொம்பில் தண்ணீர் கொடுத்து, “வாங்க” என்று வாய் நிறையச் சொல்வார். மூன்று வயதுப் பேரனைக்கூட “வாங்க தங்கம், சாப்புடுங்க” என்பார். அதே வாயால், அறுபது தாண்டிய பண்ணையத்து ஆளைப் பார்த்து “வாடா”. அந்தப் பெரியவர் அந்த மூன்று வயதுக் குழந்தையைச் ‘சாமி’ என்பார். அப்புச்சிக்கு இதில் முரண்பாடு எதுவும் தெரிந்திருக்காது. எனக்கே தெரிய வெகுகாலம் ஆயிற்று. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவலை வாசித்தபோது, அதில் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் சிறுவர்களின் பக்கமிருந்து எங்கள் திண்ணை எப்படித் தெரிந்திருக்கும் என்று முதன்முதலாக யோசித்தேன்.

கீழிருந்து மேலே மட்டும் போகிற ‘ங்க’வை மரியாதை என்று எப்படிச் சொல்வது? அது வசூல்.

கொங்கு மண்ணிலேயே இதைத் திருப்பிப் போட்டவரும் இருந்தார். 1925-இல் ஈரோட்டிலிருந்து ‘குடி அரசு’ தொடங்கி, சுயமரியாதை என்ற சொல்லை ஊர்ச் சொல்லாக்கிய பெரியார், வயதில் சிறியவர்களையும் ‘வாங்க, போங்க’ என்றே பேசுவார் என்று பழகியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். 1929-இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. பெயரின் வால் பெரும்பாலும் போய்விட்டது. வாக்கியத்தின் வால் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்ததா என்றால், இல்லை. பொது இடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். ‘ங்க’வை விழுங்கிவிட்டால் எந்தச் சட்டமும் பாயாது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் எல்லோரையும் ‘அண்ணா’ என்கிறார்கள். அவர்களுக்குத் திரும்பிக் கிடைப்பது பெரும்பாலும் ‘டேய்’.

‘ங்க’ போட்டால் மட்டும் மனசு சுத்தம் என்றும் ஆகிவிடாது. “பாக்கலாமுங்க” என்றால் நடக்காது என்று கோவைக்காரருக்குத் தெரியும். வட்டிக் கடையிலிருந்து வரும் போன் இன்னும் பணிவானது: “நாளைக்குள்ள கட்டீருங்க, இல்லீனா வண்டிய எடுத்துக்குவோமுங்க.” ஒரு வாக்கியத்தில் இரண்டு ‘ங்க’; வண்டி போய்விடும்.

இருந்தாலும் இந்தச் சொல்லை விட்டுவிட எனக்கு மனமில்லை. முன்பின் தெரியாத இரண்டு பேர் டீக்கடை ஓரத்தில் சண்டையில்லாமல் மழையைப் பற்றிப் பேச இது போதும். பழக்கத்தால் நிலைத்த பிழைதானே, பழக்கத்தால் இன்னும் கொஞ்சம் நீளட்டும். அடுத்த முறை உங்கள் தோப்புக்குத் தேங்காய் போட ஆள் வந்தால், அவர் வாய் திறப்பதற்கு முன்னால் நீங்கள் “வாங்க” என்று சொல்லிப் பாருங்க.