கிளாலி கடந்த சைக்கிள்

காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. அப்பா அங்கே பிற்றர். 1990 ஜூனில் சண்டை மீண்டும் மூள, ஆலை நின்றது. வேலையோடு வீடும் போனது.

பொருளாதாரத் தடைக்காலம். மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எல்லாத்துக்கும் தட்டுப்பாடு. ஆனையிறவுப் பாதையும் மூடியிருந்தது. அப்பா இரவில் சைக்கிளோடு படகேறி, கிளாலிக் கடலேரியைக் கடந்து, வன்னியிலிருந்து அரிசி கட்டிவந்து விற்றார். நேவியின் சூட்டில் அந்தக் கடலில் செத்த சனம் கொஞ்சமில்லை. எங்கட பள்ளிக்கூடக் கொப்பிகள் அந்தக் கரியரால் வந்தவைதான்.

1995 அக்டோபர் 30, வலிகாமமே வெளிக்கிட்ட இரவு. அதே சைக்கிளில் அம்மம்மாவை இருத்தித் தென்மராட்சிக்கு உருட்டினார்.

போர் வரலாறு எழுதுபவர்கள் தளபதிகளுக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்குகிறார்கள். தடைக்குள்ளும் யாழ்ப்பாணத்து அடுப்புகள் எரிந்தன என்றால், அதற்கு இந்தச் சைக்கிள்காரரும் காரணம். அவர்களுக்கும் ஒரு பக்கம் வேண்டாமா?

12 மணித்தியாலம் கோப்பை கழுவிவிட்டு வந்தாலும், களைப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது.