ஏற்றம்: காலால் போட்ட கணக்கு

பிசிக்ஸ் புத்தகத்தில் சுழற்சி இயக்கம் என்ற பாடம் வந்தாலே ஒரு கணக்கும் கூடவே வரும். நீளமான ஒரு கோல், நடுவில் ஒரு அச்சு. ஒரு முனையில் இவ்வளவு எடை தொங்குகிறது. மறுபக்கம் எவ்வளவு எடையை எங்கே வைத்தால் கோல் சாயாமல் நிற்கும்? சயின்ஸ் குரூப் நண்பர்கள் இதைப் பார்த்தாலே கொட்டாவி விடுவார்கள். நான் காமர்ஸ் ஆள், எனக்கு இந்தத் தொல்லை இல்லை :-) ஆனால் இதே கணக்கை நம் ஊர் விவசாயிகள் ஆயிரம் வருடங்களுக்கு மேலாகக் காலால் போட்டு வந்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் ஏற்றம்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கிணற்றுக்குப் பக்கத்தில் உயரமான ஒரு கால் நட்டிருப்பார்கள். அதன் தலையில் அச்சு. அச்சின் மேல் நீளமான மரம் ஒன்று, சீசா மாதிரி. கிணற்றுப் பக்க முனையிலிருந்து ஒரு கழி தொங்கும், கழியின் அடியில் தண்ணீர் மொள்ளும் சால். மரத்தின் மேல் ஒருவரோ இருவரோ நின்றுகொண்டு முன்னும் பின்னும் நடப்பார்கள். கிணற்றுப் பக்கம் நடந்தால் சால் கீழே இறங்கித் தண்ணீரில் முங்கும். பின்பக்கம் நடந்தால் நிறைந்த சால் மேலே வரும். கிணற்று வாயில் நிற்பவர் அதைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். யாழ்ப்பாணத்தில் இதே சாதனத்துக்குத் துலா என்று பெயர், தாங்கும் காலுக்கு ஆடுகால். துலா என்றால் தராசு என்றும் பொருள். தராசும் இதுவும் ஒரே விதியில் இயங்குபவை என்பதால் பெயர் நன்றாகவே பொருந்துகிறது.

இது நமக்கு மட்டும் உரிய சொத்து இல்லை. எகிப்தில் ஷாதூஃப் என்ற பெயரில் மூவாயிரம் வருடங்களுக்கு முந்தைய கல்லறை ஓவியங்களிலேயே இருக்கிறது. நெம்புகோல் விதியை எழுதி நிரூபித்த ஆர்க்கிமிடீஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டுக்காரர். அதாவது விதி எழுதப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கோல் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஷாதூஃபின் பின்முனையில் களிமண்ணோ கல்லோ கட்டியிருக்கும், அந்த எடை நகராது. ஆள் ஏறும் நம் ஏற்றத்தில் எடையே நடக்கிறது!

இங்கேதான் பாடம் சுவாரஸ்யமாகிறது. திருப்பு விசை என்பது எடையை மட்டும் பொறுத்ததல்ல, அச்சிலிருந்து அந்த எடை இருக்கும் தூரத்தையும் பொறுத்தது. ஒரு கணக்குக்காக, மரத்தின் நீளம் 8 மீட்டர், அச்சு சரியாக நடுவில் என்று வைத்துக்கொள்வோம். காலிச் சாலும் கழியும் 20 கிலோ, தண்ணீர் 60 கிலோ, மொத்தம் 80 கிலோ 4 மீட்டர் தூரத்தில் தொங்குகிறது. மேலே ஆளுக்கு 50 கிலோவாக இருவர். 80ஐ 4ஆல் பெருக்கினால் 320. அதை 100ஆல் வகுத்தால் 3.2. இருவரும் பின்பக்கம் 3.2 மீட்டரைத் தாண்டினால் சால் எழும்பும். சால் காலியாக இருந்தால் 0.8 மீட்டரே போதும். எடை மாறவில்லை, நிற்கும் இடம்தான் மாறுகிறது.

இன்னொரு விஷயம். மரம் சாயும்போது இந்தக் கணக்கு மாறுமா? மாறாது. சாய்வால் இரண்டு பக்கத் தூரமும் ஒரே விகிதத்தில்தான் குறையும். எனவே சால் பாதாளத்தில் இருந்தாலும் கிணற்று வாயில் இருந்தாலும், கால் வைக்க வேண்டிய இடம் மரத்தில் அதே இடம்தான். மிதிப்பவரின் கால் அந்த இடத்தைப் பழகிக்கொள்ளும். சூத்திரம் தேவையில்லை.

இதைப் படித்துவிட்டு "ஆஹா, நம் முன்னோர்!" என்று நெகிழ்ந்துவிட வேண்டாம். கோல் வேலையைச் சுலபமாக்கும், சும்மா செய்து தராது. தண்ணீர் மேலே வரத் தேவையான ஆற்றல் எங்கிருந்து வருகிறது? மிதிப்பவர் சாய்ந்த மரத்தின் மேல் தன் உடம்பைத் தானே தூக்கிக்கொண்டு ஏறுவதிலிருந்து. மேலே சொன்ன அளவுகளில் மரம் 40 டிகிரி வரை சாய்கிறது என்றால், சால் ஏறும் உயரம் சுமார் 5 மீட்டர். அதற்கு அந்த இருவரும் ஒவ்வொரு முறையும் 4 மீட்டருக்குக் குறையாமல் ஏறியாக வேண்டும். நூறு சாலுக்கு 400 மீட்டர். திருச்சி மலைக்கோட்டையின் உயரம் 83 மீட்டர். அப்படியானால் நூறு சால் இறைப்பது கிட்டத்தட்ட ஐந்து முறை மலைக்கோட்டை ஏறுவதற்குச் சமம்.

நூறு சாலில் வருவது 6,000 லிட்டர். ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்க ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வேண்டும். 1,700 சால்! இதையெல்லாம் கைப்பிடிக்கு ஒரு மூங்கில் மட்டும் வைத்துக்கொண்டு, வெயிலில், விழுந்தால் கிணறு என்ற நிலையில் செய்தார்கள். ஏற்றப்பாட்டு பிறந்தது இந்த அலுப்பில்தான். பாட்டிலேயே சால் எண்ணிக்கையும் வரும். அது களைப்பை மறக்கவைத்தது, கணக்கும் வைத்தது. கம்பர் ஒரு ஏற்றப்பாட்டின் அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று இரவெல்லாம் யோசித்தார் என்று ஒரு கதை உண்டு. பாடியவர் பெயரைக் கதையும் சொல்வதில்லை.

சிலப்பதிகாரம் நாடுகாண் காதையில் ஏற்றம் வருகிறது. எப்படித் தெரியுமா? காவிரி பாயும் வயல்களில் ஏற்றத்தின் ஓசை கேட்காது என்று வருகிறது. ஆறு தானாக வந்து பாயும் ஊருக்கு எதற்கு ஏற்றம்? அது கிணற்றை நம்பிய ஊர்களின் சாதனம். காவிரிப் பாசனத்துக்கு வெளியே இருக்கிற எங்கள் விருத்தாசலம் பக்கத்துக்கு அந்த வரி வேறு மாதிரிதான் கேட்கும்.

பின்னாளில் வந்த ஐரோப்பியர்கள் இதைப் பார்த்து வியந்திருக்கிறார்கள். போர்ச்சுகீசியர் கப்பல் பம்பின் கைப்பிடிக்கு வழங்கிய சொல்லிலிருந்து 'பிகோட்டா' என்ற பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. 1800இல் சென்னையிலிருந்து மைசூர் நோக்கிப் பயணம் கிளம்பிய பிரான்சிஸ் புக்கானன் ஏற்றத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அதற்கு நூறு வருடம் கழித்து சென்னை மாகாணத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் வந்தார். அவர் எழுப்பிய கேள்வி காமர்ஸ்காரனுக்கு மிகவும் பிடித்த கேள்வி: கிணற்றுத் தண்ணீரை இறைக்க எது மலிவு? ஆயில் எஞ்சின் பம்புகளை வயலுக்குக் கொண்டுவர முயன்றவர்களில் அவர் முக்கியமானவர். எஞ்சினுக்கு முதலீடு வேண்டும், அது தொடர்ந்து ஓடக் கிணற்றில் ஊற்றும் வேண்டும். ஏற்றத்துக்கு ஒரு மரமும் கூலியும் போதும். கூலி குறைவாக இருந்தவரை ஏற்றம் தாக்குப்பிடித்தது. அதாவது அதைக் காப்பாற்றியது பிசிக்ஸ் அல்ல, மலிவான மனித உடம்பு.

பிறகு மின்சாரம் வந்தது. 1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர். எங்களுக்குப் பக்கத்தில் 1956இல் நெய்வேலி நிறுவனம் தொடங்கி, 1962இல் அங்கே மின் உற்பத்தி ஆரம்பமானது. 5 குதிரைத்திறன் மோட்டாரில் பாதி வீணானாலும், அந்த நூறு சால் தண்ணீர் மூன்று நிமிடத்தில் மேலே வந்துவிடும். 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. ஏற்றத்தின் கதை அதற்கு முன்பே முடிந்திருந்தது.

அது முடிந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு மனிதன் தினமும் மலைக்கோட்டை ஏறித்தான் இன்னொருவர் நிலம் விளைய வேண்டும் என்றால், அந்த வேலை ஒழிந்ததே நல்லது.

ஆனால் கோலோடு இன்னொன்றும் போய்விட்டது. அதுதான் எல்லை. 8 மீட்டர் மரம் 5 மீட்டர் ஆழத்திலிருந்து இறைக்கும். 10 மீட்டர் ஆழத்துக்கு 16 மீட்டர் மரம் வேண்டும். ஒரே பருமனுள்ள மரம் என்றால் நீளம் இரண்டு மடங்காகும்போது, அதைச் சுழற்றுவதை எதிர்க்கும் நிலைமத் திருப்புத்திறன் எட்டு மடங்காகும். மனிதனால் முடியாது. ஆழக் கிணறுகளுக்கு மாடு கட்டிய கவலை இருந்தது, மாட்டுக்கும் களைப்பு உண்டு. எவ்வளவு ஆழத்திலிருந்து, ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பதை மரத்தின் நீளமும் உடம்பின் அலுப்பும் தீர்மானித்தன. யாரும் சட்டம் போடவில்லை.

இன்று போர்வெல் நூற்றுக்கணக்கான அடி போகிறது. சுவிட்சுக்குக் களைப்பு இல்லை, இலவச மின்சாரத்துக்கு மீட்டர் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். ஏற்ற இறக்கம் என்று சந்தையைப் பற்றிப் பேசுகிறோம். நிலத்தடி நீரில் ஏற்றம் மழை வந்தால்தான், இறக்கம் தினமும்.

பேலன்ஸ் என்ற சொல்லை பிசிக்ஸ்காரனும் சொல்கிறான், நாங்களும் சொல்கிறோம். இரண்டு இடத்திலும் ஒரு பக்கம் எடுத்தால் மறுபக்கம் காட்டியாக வேண்டும். ஏற்றத்தில் மறுபக்கம் ஒரு மனிதன் நின்றான். இப்போது அங்கே யார் நிற்கிறார்கள்? உங்கள் ஊர்க் கிணறுகளில் இப்போது தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சின்ன வயதில் எத்தனை அடியில் இருந்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.