மழபாடியில் ஓர் 'இனி'

'பொன்னார் மேனியனே' பதிகத்தின் முதற்பாட்டைச் சிறுவயதிலேயே வாய்ப்பாடமாக்கிக் கொண்டவர் பலர். ஆயினும் அது எந்த ஊருக்கு உரிய பாட்டு என்று கேட்டால் சற்றே தயங்குவார்கள். அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடிதான் அவ்வூர். பங்குனிப் புனர்பூசத்தில் நந்திக்குத் திருமணம் நடக்கும் ஊர் என்றால் திருவையாற்றுப் பக்கத்தார்க்கு உடனே விளங்கும். மழபாடிக்குச் சம்பந்தர் பதிகம் மூன்று, அப்பர் பதிகம் இரண்டு, சுந்தரர் பதிகம் ஒன்றே ஒன்று. எண்ணிக்கையில் குறைந்த அந்த ஒன்றுதான் ஊர்ப்பெயரை வெகுதூரம் எடுத்துச் சென்றது.

இப்பாட்டை முன்னிட்டு நாம் எழுப்ப விரும்பும் கேள்வி வேறு. தாமே இயற்றித் தாமே பாடித் திரியும் ஒருவரை நெடுங்காலம் தொடர்ந்து கேட்கும் ரசிகர்கள், அவர் பாட்டு எப்படி மாறி வந்தது என்று பேசிக்கொள்வார்கள். முன்போல் இல்லை என்பார் ஒருவர். இப்போதுதான் கனிந்திருக்கிறது என்பார் மற்றொருவர். 8ஆம் நூற்றாண்டினர் என்று பெரும்பாலோர் கருதும் சுந்தரர் விஷயத்தில் இப்படியொரு பேச்சு நடந்ததுண்டா? நடந்தது. அப்பேச்சின் பெயர் பெரியபுராணம்.

ஏடுகளை மட்டும் பார்த்தால் அப்படியொரு மாற்றம் நம் கண்ணுக்குத் தெரியாது. ஏழாம் திருமுறையின் நூறு பதிகங்களும் பண் வரிசையில் அடுக்கப்பட்டவை. இந்தளத்தில் தொடங்கிப் பஞ்சமத்தில் முடிகின்றன. முதலில் பாடியது எது, கண்ணிழந்த பின் பாடியது எது என்பதற்கு இவ்வடுக்கில் இடமில்லை. மழபாடிப் பதிகம் நட்டராகத்தில் இருக்கிறது; வீட்டில் பரவையார் பசியால் வாடுகிறார், நெல்லை எடுத்துச் செல்ல ஆள் தாரும் என்று கேட்கும் கோளிலிப் பதிகமும் அதே நட்டராகத்தில்தான் இருக்கிறது. பொன்மேனியும் நெல்மூட்டையும் ஒரே பண்ணில்! பாடுவோர்க்கு இவ்வரிசை மிகவும் உதவும். பாடினவரை அறிய விரும்புவோர்க்கு உதவாது.

அந்தக் குறையைத் தீர்த்தவர் 12ஆம் நூற்றாண்டின் சேக்கிழார். சுந்தரரின் திருத்தொண்டத்தொகையை முதல்நூலாகவும், நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியை வழிநூலாகவும் கொண்டு அவர் காப்பியம் செய்தார். அடியார் பலர் வந்தபோதிலும் காப்பியத்தின் தலைவர் சுந்தரரே. பதிகங்களை அவற்றின் பண்ணிலிருந்து பிரித்து வழிப்பயணத்தில் வைத்தார் சேக்கிழார். எந்த ஊருக்குப் பின் எந்த ஊர், எந்த மனநிலையில் எந்தப் பாட்டு என்று ஒரு வாழ்வை நூற்றார். அவரை முதன்மையாக ஒரு பெரும் ரசிகர் என்றே நாம் கொள்கிறோம். (வரலாற்றாசிரியர் என்று கொள்வோர் நம்மோடு சண்டைக்கு வரலாம், வரட்டும்.)

மழபாடியையே எடுத்துக்கொள்வோம். சுந்தரர் திருவாலம்பொழிலில் துயில்கிறார். கனவில் இறைவன் தோன்றி, மழபாடிக்கு வர நினைக்க மறந்தனையோ என்று கேட்கிறான். விழித்தெழுந்தவர் வடகரைக்கு வந்து பாடுகிறார். இக்கதை சேக்கிழாருக்கு எங்கிருந்து கிடைத்திருக்கும்? வழிவழிச் செய்தியாக இருக்கலாம். ஆனால் பதிகத்தைக் கூர்ந்து கேட்டால் இன்னொரு வழியும் தெரிகிறது. அதன் ஈற்றடியில் விளிப்பெயர் மட்டும் மாறிக்கொண்டே வரும். ஒரு பாட்டில் தாய், அடுத்ததில் உறவினன், அதற்கடுத்து தலைவன். அடியின் முடிவோ மாறுவதில்லை: உன்னைவிட்டால் வேறு எவரை நினைப்பேன் என்பது அதன் பொருள். அங்கே 'இனி' என்றொரு சிறு சொல் நிற்கிறது. 'இனி' என்று ஒருவன் சொன்னால் அதற்கு முன் ஏதோ நடந்திருக்க வேண்டும். இதுவரை நினைக்காமல் இருந்தானா? மறந்தானா? அந்தச் சொல்லின் பின்னால் இருக்கும் வெற்றிடத்தைச் சேக்கிழாரின் காது கேட்டிருக்கிறது. கனவில் இறைவன் கேட்கும் கேள்வியிலும் அதே 'நினைத்தல்' வருவது தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை. கனவு என்பது இங்கே ஒரு சொல்லுக்கு எழுதப்பட்ட உரை.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. பாட்டிலிருந்து வாழ்வைப் பின்னி, பிறகு அவ்வாழ்வைக் கொண்டே பாட்டை விளக்கினால் நாம் செக்கைத்தான் சுற்றுகிறோம். ஆகவே புராணத்தை ஒதுக்கிவிட்டுப் பதிகங்களே தம் வாயால் சொல்வதைக் கேட்க வேண்டும். அவை சொல்பவை சிலவே, ஆனால் திடமானவை. திருவலிவலப் பதிகத்தில், சம்பந்தரும் அப்பரும் பாடியவற்றையே தாம் திரும்பச் சொல்வதாக ஒப்புக்கொள்கிறார். திருப்புகலூரில், வலிமையில்லாதவனை வீமன் என்றும் கொடாதவனைப் பாரி என்றும் புகழ்ந்தாலும் ஒன்றும் கிடைக்காது என்று சக புலவர்களைக் கேலி செய்கிறார். திருநாவலூரில் பிறந்து நரசிங்க முனையரையர் என்னும் சிற்றரசரிடம் வளர்ந்தவர். ஆயினும் கிடைத்துள்ள நூறு பதிகங்களுள் பரிசிலுக்காக மன்னனைப் பாடியது ஒன்றுமில்லை. திருமுருகன்பூண்டியில் வழிப்பறி செய்வோர் திரியும் ஊரை அப்படியே வருணித்து, இங்கே எதற்காகக் குடியிருக்கிறீர் என்று இறைவனையே கேட்கிறார். இவை தெருவில் நின்று பேசும் குரல்.

பின்னர் வருகிறது கண்ணிழப்பு. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த சூளுறவை மீறியதால் பார்வை போயிற்று என்பது கதை. திருமுல்லைவாயில் பதிகத்திலேயே சங்கிலிக்காகத் தம் கண் பறிபோனதைச் சொல்லிவிடுகிறார். ஆகவே இது சேக்கிழார் கட்டியதன்று. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைக்கிறது. காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறுகண். ஆரூரில் பாடியது செந்துருத்திப் பண். தேவாரம் முழுவதிலும் அப்பண்ணில் அமைந்த பதிகம் இது ஒன்றுதான். அடிமைப்பட்டவன் துன்பத்தில் தவிக்க, ஆண்டவர் மட்டும் நலமாக வாழ்ந்து போகட்டும் என்ற வசையே அதன் பல்லவி போல் வருகிறது. முருகன்பூண்டியில் இருந்த கேலியின் வாய்தான் இதுவும். ஆனால் இப்போது அது சிரிக்கவில்லை.

இப்படிச் சொன்னதும், விளையாட்டாகத் தொடங்கித் துன்பத்தில் கனிந்தார் என்று ஒரு நேர்க்கோடு போட்டுவிட ஆசை வரும். மழபாடி அக்கோட்டைக் கலைத்துவிடுகிறது. சேக்கிழாரின் வழிப்பயணத்தில் மழபாடிக்குப் பின் திருவானைக்கா. அதற்குப் பின் திருப்பாச்சிலாச்சிராமம், இன்றைய திருவாசி. அதுவும் கொள்ளிடத்தின் வடகரைதான். அங்கே பொன் கேட்கிறார், உடனே கிடைக்கவில்லை. இவரைவிட்டால் வேறு தெய்வமே இல்லையா என்று பாட்டுக்குப் பாட்டு ஏசுகிறார்! வேறு எவரை நினைப்பேன் என்று மழபாடியில் உருகிய அதே வாய். ஈற்றடிக்கு ஈற்றடி விடை சொல்வதுபோல் இருக்கிறது. ஏழாம் திருமுறையில் பாச்சில் 14ஆம் பதிகம், மழபாடி 24ஆம் பதிகம். இடையில் ஒன்பது பதிகங்கள் நிற்பதால் இந்த மோதல் காதில் விழுவதில்லை. பெரியபுராணத்தில் அவை அருகருகே வருகின்றன. சேக்கிழார் நினைத்திருந்தால் ஏச்சை முன்னே வைத்து, உருக்கத்தைப் பின்னே வைத்து, ஒரு பக்குவக்கதை சொல்லியிருக்கலாம். ஏச்சுக்குத் தோழமை உரிமை என்று சமாதானம் சொன்னாரே தவிர, வரிசையைத் திருத்தவில்லை. தம் பாடகரை மெருகூட்டாத ரசிகர் அபூர்வம். 1990இல் டேவிட் ஷுல்மன் இப்பதிகங்களை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது நூலின் தலைப்பிலேயே 'வன்றொண்டர்' என்ற பெயரின் கடுமையைத் தக்கவைத்துக்கொண்டதும் நினைக்கத்தக்கது.

சேக்கிழாருக்கும் முன்னோடிகள் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பிடாரர்களையும், உடுக்கை, கொட்டிமத்தளம் வாசிக்க இருவரையும் முதலாம் இராசராசன் அமர்த்தினான். ஆளுக்கு நாள்தோறும் மூன்று குறுணி நெல். அதே கோயிலின் உட்சுற்றில் 1931இல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்களில், ஓலையோடு வந்து மணத்தைத் தடுத்த முதியவரும், வெள்ளை யானைமேல் கயிலை செல்லும் சுந்தரரும், குதிரைமேல் உடன் செல்லும் சேரமான் பெருமாளும் இருக்கிறார்கள். பெரியபுராணத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, அவர் வாழ்வின் தொடக்கமும் முடிவும் மக்கள் மனத்தில் உறுதிப்பட்டிருந்தன. இடைப்பட்ட வழியைத்தான் சேக்கிழார் நிரப்பினார். மழபாடிக்குப் பக்கத்திலேயே கண்டராதித்தம் என்றோர் ஊர் இருக்கிறது. அப்பெயருக்குரிய கண்டராதித்த சோழர் தில்லை மீது திருவிசைப்பா பாடியவர். அரசரே பாடத் தொடங்கிவிட்ட பகுதி இது.

மழபாடிக் கோயிலிலேயே நம் கவனத்துக்குரிய கல்வெட்டு ஒன்று உண்டு. இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013ஐ ஒட்டி, பழைய விமானத்தைப் பிரித்துக் கட்ட ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன் அதிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்கச் செய்தான். அவை மீண்டும் கல்லில் ஏறியது இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில். எழுத்தைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தது. இசைக்கு அப்படியொரு புத்தகம் இல்லை. பண்ணின் பெயர் மட்டுமே ஏட்டில் நின்றது, மற்றதெல்லாம் தொண்டையிலிருந்து தொண்டைக்குப் போயிற்று. திருஎருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபினரான ஒரு பெண்ணே பண் வகுத்துக் கொடுத்தார் என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. அவரும் கேட்டுக் கேட்டு நினைவில் வைத்தவர் வழியினர்தானே.

இன்று ஓதுவார்கள் நட்டராகத்தைப் பந்துவராளியில் ஓதுகிறார்கள். கச்சேரி மேடைகளிலோ பாடகர் தமக்கு உவந்த இராகத்தில் இப்பதிகத்தை விருத்தமாக விரித்துப் பாடுவார். அதிலும் பெரும்பாலும் முதற்பாட்டோடு நின்றுவிடும். தாய், உறவினன், தலைவன் என்று விளி மாறி மாறி வருவதைக் கேட்கப் பதிகம் முழுவதும் வேண்டும். அப்படி ஒருமுறை முழுதாகக் கேட்டு முடித்ததும், இடைவெளி விடாமல் பாச்சில் பதிகத்தையும் கேட்டுப் பாருங்கள்.