சோலாப்பூர் முதல் கரிசல்காடு வரை: மண்ணைக் காத்த வரப்பின் வரலாறு

மும்பையிலிருந்து சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் ரயிலேறும் நமக்குச் சோலாப்பூர், ராய்ச்சூர், குந்தக்கல் என்ற பெயர்கள் மனப்பாடம். மானாவாரி விவசாய வரலாற்றில் இந்தத் தடத்துக்குத் தனி இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

நஞ்சை வரப்பு தண்ணீரை நிறுத்த. புஞ்சை வரப்பு மண்ணை நிறுத்த. தக்காணத்தில் பெய்வதே கொஞ்சம். அதுவும் சில நாளில் கொட்டித் தீர்த்துவிடும். சரிவில் ஓடும் வெள்ளம் மேல்மண்ணை வாரிக்கொண்டு போயிடும். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மண் போனால் ஏறத்தாழ 50 டன். ஐந்து லாரிச் சரக்கு. வியாபாரக் கணக்கில் சொன்னால் மண் முதல், விளைச்சல் வட்டி. முதலே கரைந்தால் வட்டி ஏது?

1876-78 தாது வருஷப் பஞ்சம் பம்பாய்த் தக்காணத்தையும் சென்னை மாகாணத்தையும் சேர்த்தே வாட்டியது. வறண்ட நிலங்களின் பிரச்சினை இரு மாகாணத்துக்கும் பொது. 1930-களில் இம்பீரியல் வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சில் மானாவாரி ஆய்வு நிலையங்களுக்கு உதவியது. பம்பாய் மாகாணத்தில் சோலாப்பூர், பீஜப்பூர். நிஜாம் ராஜ்யத்தில் ராய்ச்சூர். அன்றைய சென்னை மாகாணத்துப் பெல்லாரி ஜில்லாவில் ஹகரி. மழைநீரையும் மண்ணையும் வயலிலேயே நிறுத்தும் வழிகள் இங்கே சோதிக்கப்பட்டன. சோலாப்பூரில் உழைத்த என்.வி. கனித்கர் இந்திய மானாவாரி விவசாயம் பற்றி எழுதிய நூல் 1944-இல் வெளிவந்தது.

ஆராய்ச்சி வழி சொல்லும். ஊர் சம்மதிக்க வேண்டுமே? தண்ணீருக்குப் பட்டா தெரியாது. மேல்காட்டுக்காரர் வரப்பை விட்டுவிட்டால், கீழ்க்காட்டுக்காரர் எவ்வளவு பாடுபட்டும் பயனில்லை. அதனால்தான் 1942-இல் பம்பாய் நில மேம்பாட்டுத் திட்டச் சட்டம் வந்தது. தனி ஆள் நிலமாகப் பார்க்காமல், ஒரு பகுதி முழுவதற்கும் சேர்த்துத் திட்டம் போட அது வழி செய்தது. 1949-இல் சென்னை மாகாணமும் சமமட்ட வரப்புக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது.

சட்டம் வந்ததால் எல்லாம் சரியாயிடுச்சா என்றால், இல்லை. சமமட்ட வரப்பு நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துப் போகும். பங்காளிகளின் எல்லைக்கல்லைப் பார்க்காது. வயலைக் குறுக்கே வெட்டியதால் பலர் அதை உழுதே அழித்தார்கள். ஆழமான கரிசலில் இன்னொரு தொல்லை: மழையில் வரப்போரம் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகும், வெயிலில் வரப்பே வெடித்து உடையும். ஆகவே கரிசலுக்கு லேசான சரிவோடு அமைத்து, உபரி நீரைப் புல் வளர்ந்த வாய்க்காலில் இறக்கும் வரப்பே ஏற்றது என்று பின்னர் தெளிந்தார்கள். 1975-க்குப் பின் மகாராஷ்டிரத்து ராளேகண் சித்தியில் ஊரே கூடி உழைத்தபோதுதான், வரப்பும் தடுப்பணையும் நிலைத்துப் பலன் தந்தன.

இந்த வரலாறு நமக்கும் ஒரு கேள்வி வைக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி, விழுப்புரம் பக்கம் புஞ்சை வைத்துவிட்டுத் தாராவியிலும் செம்பூரிலும் இருப்பவர்கள் நம்மில் அநேகம். தரிசாகத்தானே கிடக்கிறது என்று நாம் விட்ட காட்டில் வரப்பு உடைந்தால், நஷ்டம் ஊரிலேயே இருந்து உழும் பக்கத்துக் காட்டுக்காரருக்கு. மண்ணையும் ஓரறிவு உயிராக எண்ணுவது சமண மரபு. அந்த எண்ணம் இல்லாதவருக்கும் அண்டைவீட்டார் கடன் உண்டல்லவா?

மே மாத விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒருநாள் காட்டைச் சுற்றி வாருங்கள். ஐப்பசி மழைக்கு இன்னும் நாலைந்து மாதம் இருக்கும். உடைப்பை அடைக்க அது தாராளம்.