கோபால்ட் சிலிசைடு: 2012ஆ, 2016ஆ?

கைரல் படிகங்களில் காணும் இடத்தியல் மின்னணு நிலைகளின் வரலாற்றை 2016இலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அவ்வாண்டு ‘சயின்ஸ்’ இதழில் பேரி பிராட்லினும் அவருடைய குழுவினரும் டிராக், வெய்ல் ஃபெர்மியான்களுக்கு அப்பாற்பட்டவற்றை வகைப்படுத்தினர். மூன்று, ஆறு, எட்டு பட்டைகள் ஒரே முனையில் சந்திக்கும் வாய்ப்புகளை வெளிக்குலம் வெளிக்குலமாக ஆராய்ந்த பெரும்பணி அது. அதன் மதிப்பில் எனக்கு ஐயமில்லை. மூன்றாண்டு கழித்துக் கோபால்ட் சிலிசைடில் கண்டவை அந்தப் பட்டியலின் நேரடி மெய்ப்பிப்பு என்ற வாசிப்பைத்தான் ஏற்க முடியவில்லை.

பிராட்லின் குழுவின் சுருக்கவுரை தன் எல்லையைத் தெளிவாகவே வகுக்கிறது: தற்சுழற்சி–சுற்றுப்பாதை இணைவு உள்ள படிகங்களுக்கே அந்த வகைப்பாடு பொருந்தும். கோபால்ட் சிலிசைடில் இந்த இணைவு மெலிது. 2019இல் ‘நேச்சர்’ இதழில் இப்படிகத்தின் ஒளிமின் உமிழ்வு அளவீட்டை வெளியிட்ட சீனக் குழு, தான் கண்டவற்றுக்கு இட்ட பெயர்களைக் கவனிக்க வேண்டும்: ‘சுழல்–1’, ‘மின்னூட்டம்–2’. முதலாவது, பிரில்லுவன் மண்டலத்தின் நடுவான காமா முனையில் மூன்று பட்டைகள் சந்திப்பது. மற்றது மூலையான ஆர் முனையில் நான்கு பட்டைகள் சந்திப்பது. தற்சுழற்சியைக் கணக்கில் கொண்டால் காமாவில் நான்கும் ஆரில் ஆறும் வந்திருக்க வேண்டும். சந்திப்பின் இடத்தியல் மின்னூட்டமான செர்ன் எண்ணும் இரண்டிலிருந்து நான்காக உயர்ந்திருக்க வேண்டும். இணைவால் பட்டைகளில் வரும் அந்தப் பிளவு அன்றைய அளவீட்டில் பிரிந்து தெரியவில்லை. ஆகவே அந்தப் பெயர்கள் தற்சுழற்சியை ஒதுக்கிய கணக்கின் மொழியில் அமைந்தவை. ஓர் ஆய்வாளர் இடும் பெயர், அவர் எந்தக் கணக்கை மனத்தில் வைத்து அளந்தார் என்பதற்குச் சாட்சி.

அந்த மொழிக்கு முன்னோடி வேறொருவர். ஹுவான் மான்யெஸ் 2012இல் ‘ஃபிசிக்கல் ரிவியூ பி’ இதழில் எழுதிய கட்டுரை, புறக்கணிக்கத்தக்க அளவு இணைவுள்ள காந்தமற்ற படிகங்களையே எடுத்துக்கொள்கிறது. சில வெளிக்குலங்களில் கைரல் ஃபெர்மியான்கள் தோன்றுவது தவிர்க்கவே முடியாதது, அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருந்தாலும் சரி என்று காட்டுகிறது. போலிச்சுழல் 1, 3/2 பற்றி அது சொல்வது மேற்கொண்டு விரிவாக்கக்கூடிய வழிகள் என்ற அளவில்தான். இவ்வளவு சிறிய ஆதாரத்தின்மேல் முன்னுரிமையை ஏற்றலாமா என்று கேட்பார்கள். ஏற்றலாம் என்பதே என் எண்ணம். இணைவை ஒதுக்கியது, முனையின் சமச்சீர்மையிலிருந்து தொடங்கியது, போலிச்சுழலைப் பெயர்சொல்லிக் குறித்தது ஆகிய மூன்றும் அங்கே ஒருசேர இருக்கின்றன. ஆர் முனையின் நான்கு பட்டைகளை மான்யெஸ் கணித்துவிட்டார் என்று நான் வாதிடவில்லை. காமா வரைதான் என் வழக்கு.

இன்னும் பின்னே சென்று 1937இல் கானியர்ஸ் ஹெர்ரிங் பட்டைகளின் தற்செயல் சந்திப்புகளை ஆராய்ந்ததைத் தொடக்கமாகக் கொள்வோரும் உண்டு. ஆனால் ‘தற்செயல்’ என்பதே அவர் சொல். இங்கே பேசப்படுவதோ சமச்சீர்மை கட்டாயப்படுத்தும் சந்திப்பு.

2020இல் பலேடியம்–காலியம் படிகத்தில் தற்சுழற்சிப் பிளவு தெளிந்தது. செர்ன் எண் நான்கு என்றும் உறுதியானது. அங்கேகூட ஆர் முனையின் ஆறு பட்டைகள்தாம் 2016இன் சுருக்கவுரை அடுக்கும் வரிசையில் உள்ளன. காமாவின் நான்கு அந்த வரிசையில் இல்லை. பலேடியம்–காலியம் ஆய்வின் இன்னொரு கூறு பலர் கண்ணில் படுவதில்லை. இடக்கைப் படிகம், வலக்கைப் படிகம் இரண்டையும் வளர்த்து அளந்தபோது ஃபெர்மி விற்கள் எதிர்த்திசையில் வளைந்தன. இரண்டுக்கும் வெளிக்குலம் ஒன்றே, எண் 198. கைரல் கட்டமைப்புகளுக்கு இடமளிக்கும் 65 குலங்களில், தாமே இட–வல இணைகளாக அமைந்த 22இல் அது சேராது. ஆகவே குல அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு, 2012இன் அட்டவணையானாலும் 2016இன் அட்டவணையானாலும், செர்ன் எண்ணின் குறி கூட்டலா கழித்தலா என்று சொல்ல வழியில்லை.

தொடக்க ஆண்டு எது என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. கோபால்ட் சிலிசைடின் காமா முனைக்கு 2012, பலேடியம்–காலியத்தின் ஆர் முனைக்கு 2016 என்று பிரித்தே எழுத வேண்டும்.